பந்தி விசாரணையும் திருச்சபையின் பணியும்

சேகரக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், சபையின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர், கடைகளின் வாடகைப் பாக்கி, ஒலிபெருக்கி, அசன விழாவின் வரவு செலவு, அடுத்த தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் ஆகியவை பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். தொடக்க ஜெபமும் முடிவு ஜெபமும் தவறாமல் பதிவாகியிருக்கும். நற்செய்தியைக் கேளாத அண்டை ஊரைப்பற்றியோ, ஆறு மாதமாக ஆலயத்துக்கு வராத குடும்பத்தைப்பற்றியோ ஒரு வரி காண்பது அரிது. மேற்கூறியவற்றுள் எதுவும் தீயதன்று என்பதே நாம் கவனிக்கவேண்டியது. தீயது சபைக்குள் நுழைந்தால் ஆயர் விழித்துக்கொள்வார். நல்லதும் தேவையானதும் வந்து அமரும்போதோ, பணி தன் இடத்தை இழந்ததை எவரும் உணர்வதில்லை.

இந்நோய்க்கு நம் பிரசங்க பீடங்களிலிருந்து கிடைக்கும் மருந்து ஒன்று உண்டு. சபை ஆவிக்குரிய காரியங்களை மட்டும் கவனிக்கட்டும், மற்றவை உலகக் காரியங்கள் என்பதே அது. இதற்கு ஆதாரமாக அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் காட்டப்படும். அப்போஸ்தலர் பந்தி விசாரணையை விட்டு வசனத்தைப் பற்றிக்கொண்டார்கள் அல்லவா என்பர். அப்பகுதி இக்கூற்றுக்கு இடந்தருகிறதா என்று ஆராய்வது தகும்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் முதலாம் வசனத்தில் 'விசாரணை' என்றும், நான்காம் வசனத்தில் 'ஊழியம்' என்றும் இருவேறு சொற்கள் வருகின்றன. இதனால் விதவைகளுக்கு உணவு பகிர்வது ஒரு தரம், வசனத்தைப் போதிப்பது வேறொரு தரம் என்னும் எண்ணம் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே எழுகிறது. கிரேக்க மூலத்திலோ இரண்டிடத்திலும் இருப்பது 'தியாக்கோனியா' என்ற ஒரே சொல். இடையிலுள்ள இரண்டாம் வசனத்தில் பந்தியைக் குறித்து வரும் வினைச்சொல்லும் அதன் இனத்ததே. லூக்கா பந்தியையும் வசனத்தையும் உயர்வு தாழ்வாகப் பிரிக்கவில்லை. இரண்டையும் ஊழியம் என்றே அழைக்கிறார். அங்கே 'பந்தி' எனப்படும் சொல் உணவு மேசையை மட்டுமன்றிப் பணம் மாற்றுவோரின் மேசையையும் குறிக்கும். லூக்கா 19:23இல் அது பணத்தை வட்டிக்கு இடும் இடத்தையே சுட்டுகிறது. ஆகவே அப்போஸ்தலர் முன்னிருந்தது கணக்கு மேசையே என்று கருதுவோரும் உளர். பொருளாளரின் பெட்டியோடு போராடும் ஆயர்களுக்கு இவ்விளக்கம் சற்று ஆறுதலளிக்கக்கூடும்!

அப்படியாயின் அப்போஸ்தலர் மறுத்தது எதை? தங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஜெபத்தையும் வசனத்தையும் விட்டுவிட்டு, மேசையைத் தாங்களே சுமப்பதைத்தான் மறுத்தார்கள். மேசையை அவர்கள் கவிழ்க்கவில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகளின் முறையீட்டை உலகக் காரியம் என்று ஒதுக்கவுமில்லை. சபை முழுவதையும் கூட்டி, அதற்கென எழுவரைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள். அவ்வெழுவருக்கு வேண்டிய தகுதிகளைப் பாருங்கள்: நற்சாட்சி, ஆவியின் நிறைவு, ஞானம். ரொட்டியையும் காசையும் பங்கிடுவதற்கு இத்தனை தகுதிகள் ஏன் எனில், அதுவும் ஆவிக்குரிய பணி என்பதாலேயே. நாமோ பிரசங்கியாரிடம் ஆவியின் நிறைவை எதிர்பார்க்கிறோம். பொருளாளரிடமும் செயலாளரிடமும் வாக்கு வலிமையை எதிர்பார்க்கிறோம். சபையின் திசை மாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

எழுவரின் பெயர்கள் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் கொண்டு எதையும் அறுதியிட இயலாது. பன்னிருவருள்ளும் அந்திரேயா, பிலிப்பு என்போர் உண்டு. எனினும் குறைபட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு கொடுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சாதிப் பிரிவினையால் முறுமுறுப்பு எழும் நம் சபைகளில் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. முறையீடு எழும்போது, 'ஆவிக்குரிய இடத்தில் இதைப் பேசலாமா?' என்று வாயடைப்பது நம்மிடையே வழக்கம். சிலுவையின் செய்தியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, அச்செய்தி சமாதானப்படுத்தவேண்டிய பகையையே அவ்வாறு காத்துவிடுகிறோம். முறுமுறுப்பு தீர்க்கப்பட்ட பின்னரே வசனம் வளர்ந்து சீஷர் பெருகினர் என்று ஏழாம் வசனம் அமைந்திருப்பதைக் காண்க.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1799ஆம் ஆண்டில், துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டி நிலம் வாங்கப்பட்டு முதலூர் எழுந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல் தர்ம சங்கம் தோன்றியது. விசுவாசிகளைக் குடியேற்ற நிலமும் மனையும் வாங்குவது அதன் நோக்கம். அன்று சபைக்குச் சொத்து இருந்தது. அது ஒடுக்கப்பட்டவனுக்குப் புகலிடமாக நின்றது. இன்றும் சபைகளுக்குச் சொத்து இருக்கிறது. அதன்பொருட்டு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவோரும் இருக்கின்றனர். நிலம் மாறவில்லை. அது யாருக்காக என்ற கேள்விதான் கூட்டங்களில் கேட்கப்படாமல் போயிற்று.

அதே திருச்சபை 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தது. அதற்குத் தூண்டுதலானவற்றுள் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்குள்ள கிறிஸ்தவர்கள் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்குத் தாங்களே ஊழியரை அனுப்பியதை வே. ச. அசரியா 1902இல் அங்குச் சென்றபோது கண்டார். பணம் படைத்த சபையன்று அது. திருநெல்வேலியிலும் வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் எடுத்துவைத்த பிடியரிசி திருப்பணியைத் தாங்கிற்று. சங்கம் தெரிந்துகொண்ட களம், இன்று தெலங்காணா மாநிலத்திலுள்ள தோர்ணக்கல். அங்கே மொழியும் வேறு, மக்களும் வேறு. அசரியா தாமே தெலுங்கு கற்று 1909இல் அங்குச் சென்றார். 1912இல் அப்பகுதியின் பேராயரானார். சமையலறைப் பானையிலிருந்து எடுத்த அரிசி நற்செய்திப் பயணத்துக்கு வழிச்செலவாயிற்று என்றால், பந்தி எங்கே முடிகிறது, வசனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க யாரால் இயலும்?

ஆயர் செய்யத்தக்கது யாது? கணக்கும் கட்டடமும் தம் கையிலேயே இருக்கவேண்டும் என்னும் ஆசையை விடுவது முதற்படி. இது எளிதன்று, அதிகாரம் மேசையோடு ஒட்டியே இருக்கிறது. விட்டுவிட்டபின் கிடைக்கும் நேரத்தை ஜெபத்துக்கும் வேத ஆராய்ச்சிக்கும் வீடு சந்திப்புக்கும் மெய்யாகவே செலவிடவேண்டும். இல்லையேல் சபையார் நகைப்பர். குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நோயுற்றோர், ஆலயம் வராதோர், கிறிஸ்துவை அறியாத அண்டையார் ஆகியோரை முதலில் வைக்கலாம். கடைசியில் வைத்தால், இரவு பத்து மணிக்கு எவரும் அவர்களை நினைக்கமாட்டார். சுவரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசும்போது, இது எவருக்கு ஊழியம் என்று ஒரு முறையேனும் கேட்கலாம். குழுவுக்கு ஆள் தெரியும் காலத்தில் லூக்கா கூறும் மூன்று தகுதிகளையும் பீடத்திலிருந்து விளக்கவேண்டும். தேர்தல் முடிந்தபின் விளக்கிப் பயனில்லை.

எழுவருள் ஒருவனாகிய பிலிப்பு மேசையோடு நின்றுவிடவில்லை. எட்டாம் அதிகாரத்தில் அவன் சமாரியாவிலும், காசாவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பிய மந்திரியின் இரதத்திலும் காணப்படுகிறான். நெடுங்காலத்துக்குப் பின் செசரியாவில் பவுல் அவன் வீட்டில் தங்கியபோது, லூக்கா அவனை இரண்டு பெயர்களால் குறிப்பிடுகிறார்: சுவிசேஷகன், அந்த எழுவரில் ஒருவன்.