குடியேற்ற ஆட்சிக்காலச் சட்டங்களும் இலண்டன் ஒப்புதலும்: ஆமத்தூர் – சிவகாசி வட்டாரத் தொழில்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானிய இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டங்கள் தலைமை ஆளுநரின் இசைவைப் பெற்ற பின்னும் இலண்டனின் ஆய்வுக்கு உட்பட்டிருந்தன. அவ்வாய்வு எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதன் விளைவு தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைவு, அரசுச் செயலர், வெடிபொருள் சட்டம், இறக்குமதித் தீர்வை, சிவகாசி, ஆமத்தூர்

முன்னுரை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் ஆமத்தூர். இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரமான பட்டாசுத் தொழில், 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்திற்கு இன்றளவும் உட்பட்டுள்ளது. அதற்கு முன்னோடியான தீப்பெட்டித் தொழிலோ 1922ஆம் ஆண்டின் இறக்குமதித் தீர்வை உயர்வால் ஊக்கம் பெற்றது. இவ்விரு நடவடிக்கைகளும் பேரரசின் மேற்பார்வைக்குட்பட்ட சட்டமன்றங்களில் உருவானவை. எனவே அம்மேற்பார்வையின் இயல்பை அறிவது வட்டார வரலாற்றுக்கும் இன்றியமையாததாகிறது.

சட்டப்படியான ஒப்புதல் முறை

1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி முடிவுற்றது. இந்தியாவிற்கான அரசுச் செயலர் என்னும் பதவி இலண்டனில் தோன்றியது. 1861ஆம் ஆண்டு இந்திய மன்றங்கள் சட்டம் ஒப்புதல் முறையை வரையறுத்தது. அதன்படி, மன்றம் நிறைவேற்றிய சட்டத்திற்குத் தலைமை ஆளுநர் இசைவளிக்கலாம், மறுக்கலாம் அல்லது அரசியாரின் விருப்பத்தை அறியும்வரை நிறுத்திவைக்கலாம். இசைவு பெற்ற சட்டத்தின் படி அரசுச் செயலருக்கு அனுப்பப்பட வேண்டும். அரசியார் அதனை ஏற்காவிடில், அவ்வறிவிப்பு வெளியான நாள்முதல் சட்டம் செல்லாததாகும். சென்னை மாகாண மன்றத்தின் சட்டங்கள் ஆளுநர், தலைமை ஆளுநர் ஆகிய இருவரின் இசைவையும் பெற வேண்டியிருந்தன. அதன் பின்னும் அரசியாரின் மறுப்புக்கு இடமிருந்தது.

முன்னொப்புதல் என்னும் நடைமுறை

நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டத்தைப் பின்னர் நீக்குவது இந்திய அரசின் மதிப்பைக் குலைக்கும். ஆகவே, சட்டமாவதற்கு முன்பே தடுப்பது இலண்டனுக்கு எளிதாயிற்று. 1870இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடித் தந்தித் தடம் அமைந்தமை இதற்குத் துணைபுரிந்தது. 1874இல் அரசுச் செயலர் சாலிஸ்பரி, முக்கியச் சட்ட முன்வரைவுகளை முன்கூட்டியே தம் பார்வைக்கு அனுப்புமாறு பணித்தார்.

இதன் உட்பொருளை 1875ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டம் தெளிவாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில், இலண்டனின் முன்னொப்புதலைப் பெறாமல் நார்த்புரூக்கின் அரசு சிம்லாவில் இச்சட்டத்தை நிறைவேற்றியது. இறக்குமதியாகும் பருத்தித் துணி மீதான 5 விழுக்காட்டுத் தீர்வை அதில் தொடர்ந்தது. லங்காஷயர் ஆலையாளர்களின் நலனைக் கருதிய சாலிஸ்பரி கடுமையாகக் கண்டித்தார். மறு ஆண்டில் நார்த்புரூக் பதவி விலகினார். சட்டத்தின் மொழியையோ நீதியையோ விட, அது இங்கிலாந்தில் எவர் நலனைத் தொடுகிறது என்பதே ஆய்வின் மையமாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம்

1884ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் இல்பர்ட் மசோதாவின் வழி வந்தது. ஐரோப்பியரின் பெரும் எதிர்ப்பால் அது திருத்தப்பட்ட பின்னரே நிறைவேறியது. அதனை அடுத்த 4ஆம் சட்டமே வெடிபொருள் சட்டம். ரிப்பன் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், 26.02.1884 அன்று இச்சட்டம் இசைவு பெற்றது. இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தை ஒட்டி அமைந்த இதற்கு அத்தகைய எதிர்ப்பு எழவில்லை.

இச்சட்டம் வெடிமருந்து, டைனமைட் ஆகியவற்றோடு வாணவேடிக்கைப் பொருள்களையும் வெடிபொருள் என வரையறுத்தது. செய்தல், வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல், இறக்குமதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்றும் அதிகாரம் நிருவாகத்திற்கு அளிக்கப்பட்டது. தொழிலாளி அன்றாடம் எதிர்கொள்ளும் கட்டுப்பாடுகள் சட்டத்தின் உடலில் அன்றி, இவ்விதிகளிலேயே அமைந்தன. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளை அடுத்தே உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் வளர்ந்தன என்பது இதனை உறுதிசெய்கிறது.

தீர்வைத் தன்னுரிமையும் தீப்பெட்டியும்

1919ஆம் ஆண்டு நாடாளுமன்றக் கூட்டுக்குழு, தீர்வை பற்றி இந்திய அரசும் சட்டமன்றமும் ஒத்த கருத்துக் கொண்டிருப்பின் அரசுச் செயலர் இயன்றவரை தலையிடலாகாது எனப் பரிந்துரைத்தது. மறுக்கும் அதிகாரம் ஏட்டில் நீடித்தது; அதன் பயன்பாடு இத்துறையில் சுருங்கியது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான தீர்வை, ஒரு குரோசுக்கு (144 பெட்டி) 12 அணாவிலிருந்து 1 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. வருவாய்க்காக விதிக்கப்பட்ட இத்தீர்வை உள்நாட்டு உற்பத்திக்குக் காப்பாக அமைந்தது. கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது இக்காலப் பகுதியிலேயே. வானம்பார்த்த கரிசல் நிலத்தில் மழையை மட்டும் நம்பியிராத பிழைப்பு ஒன்று இதனால் உருவாயிற்று.

முடிவுரை

பேரரசின் ஒப்புதல் என்பது ஒரே சீரான சட்ட ஆய்வு அன்று. இங்கிலாந்தின் வணிக நலன் குறுக்கிட்டபோது அது கடுமையாயிற்று. 1919க்குப் பின் தீர்வைத் துறையில் அது பின்வாங்கியபோது உள்நாட்டுத் தொழிலுக்கு இடம் கிடைத்தது. வெடிபொருள் சட்டத்தின் வழியே, விதியியற்றும் அதிகாரம் மன்றத்திலிருந்து நிருவாகத்தின் கைக்குச் சென்றது. விடுதலைக்குப் பின் இலண்டனின் ஒப்புதல் மறைந்தது. அச்சட்டமும் விதிகளால் ஆளும் முறையும் மறையவில்லை. இன்று நடைமுறையிலுள்ள 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் அச்சட்டத்தின்கீழ் இயற்றப்பட்டவையே. ஆகவே ஆமத்தூர் வட்டாரத் தொழிலாளரின் பாதுகாப்பை ஆராய்வோர், சட்டம் இசைவு பெற்ற நாளோடு நின்றுவிடாமல், விதிகள் எவரால், எவரைக் கலந்து இயற்றப்பட்டன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.