பேனுக்கு மருந்து காபித் தோட்டத்தில் இல்லை

மாலை வெயிலில் திண்ணையில் அமர்ந்து, மகளின் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கும் தாயை வெள்ளக்கடைப் பகுதியில் காணாதவர் இரார். ஆயினும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எம்மிடம் வரும் தாய்மார்கள் பேனைப் பற்றி வாய் திறப்பதில்லை. புறப்படும்போது வாசற்படியில் நின்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களும் சிலரே. பேன் வந்தால் வீட்டில் சுத்தமில்லை என்று ஊரார் பேசுவார்கள் என்னும் கூச்சமே காரணம். உண்மையில் நாள்தோறும் தலை குளிக்கும் குழந்தைக்கும் பேன் வரும். அதற்குத் தாவவோ பறக்கவோ தெரியாது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்லும். குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் உறங்கும் மலைவீட்டில் அதற்கு வேறு வழி எதற்கு?

அக்கூச்சத்தால் ஒளிவாகச் செய்யப்படும் வைத்தியமே எமக்கு அச்சம் தருகிறது. காபிச் செடிக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தலையில் தடவுவது அவற்றுள் மிகக் கொடியது. செடியின் பூச்சியைக் கொல்வது பேனையும் கொல்லும் என்னும் கணக்கு பிழையன்று. அது குழந்தையையும் விட்டுவைக்காது. தலைத்தோல் வழியே நஞ்சு உடலில் ஏறும். சொறிந்து புண்ணான தோலில் இன்னும் விரைவாக ஏறும். எச்சில் வழிதல், மிகுந்த வியர்வை, வாந்தி, கண்ணின் பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். தெரியாமல் தடவிவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். கையுறை அணிந்து, துணிகளைக் களைந்து, தலையையும் உடலையும் சோப்பிட்டு நிறைய நீரால் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியையும் உடன் கொண்டு வாருங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அடுப்பருகே தீப்பற்றும். சீத்தாப்பழ விதைப் பொடியை நாட்டு மருந்தென்று பலரும் நம்புகின்றனர். அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிக் கடும் வலியும் பார்வை மங்கலும் உண்டாகும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். நனைத்த கூந்தலில் தேங்காய் எண்ணெய் தடவி, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பிரித்துப் பிரித்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் இவ்வாறு செய்ய வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் ஒருநாள் வாரி நிறுத்துவதில் பயனில்லை.

மருந்து தேவையெனில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். சிரங்குக்குத் தரும் 5 சதவீதக் களிம்பு வேறு. தலை குளித்துத் துவட்டிய ஈரக் கூந்தலில் லோஷனைப் பூசி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். ஒன்பதாம் நாள் மீண்டும் ஒருமுறை. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு இது கூடாது.

மொட்டையடிக்கத் தேவையில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குப் பேனைவிட மொட்டைத் தலையே பள்ளியில் பெரிய துன்பம். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாட்களுக்கு மேல் பிழைக்காது. எனவே வீட்டுக்கு மருந்தடிக்கவும் வேண்டாம்; கடைசி இரண்டு நாட்கள் பயன்படுத்திய தலையணை உறை, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். ஒரே கம்பளியில் உறங்கும் எல்லாப் பிள்ளைகளின் தலையையும், அம்மாவின் தலையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.