மூன்றாவது கியர் ஏன் உடைகிறது?

1987ஆம் ஆண்டு மாடல் மஸ்டாங் ஜிடி காரில் ஃபோர்டு நிறுவனம் தன் 5.0 லிட்டர் வி-8 எஞ்சினை 225 குதிரைத்திறனுக்கு உயர்த்தியது. அதன் முறுக்குவிசை 300 பவுண்டு-அடி. நமக்குப் பழகிய அலகில் 407 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்குப் பின்னால் பொருத்தியிருந்த போர்க்-வார்னர் டி-5 கியர்பாக்ஸுக்குக் குறித்திருந்த தாங்குதிறனோ 359 நியூட்டன் மீட்டர்தான். ஷோரூமை விட்டுக் கிளம்பும்போதே எஞ்சின் கியர்பாக்ஸை மிஞ்சி நின்றது. 1990இல் தாங்குதிறனை ஒருவழியாக எஞ்சினுக்குச் சமமாக்கினார்கள். ஆனால், இந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜர் மாட்டிச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு தலைமுறை அதற்குள் அமெரிக்காவில் உருவாகிவிட்டது.

போட்டி நிறுவனத்திலும் இதே சங்கடம். 1980களின் பிற்பகுதியில் வந்த ஷெவர்லே கமாரோவில், பெரிய 5.7 லிட்டர் எஞ்சின் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக்தான் கிடைக்கும். கிளட்ச் மிதித்து ஓட்ட ஆசைப்பட்டவர் சிறிய எஞ்சினோடு திருப்திப்பட வேண்டும். அங்கேயும் கைவசம் இருந்தது டி-5தான். அது பெரிய எஞ்சினைத் தாங்காது என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். 1993இல் புதிய கமாரோ வந்தபோது 5.7 லிட்டர் எஞ்சினோடு டி-56 என்ற ஆறு கியர் பெட்டியும் சேர்ந்து வந்தது.

ஒரு கியர்பாக்ஸ் எப்படித்தான் உடைகிறது? உள்ளே இரண்டு ஷாஃப்ட்டுகள் அருகருகே படுத்திருக்கின்றன. மேலே முதன்மை ஷாஃப்ட், கீழே கவுன்ட்டர் ஷாஃப்ட். டி-5இல் இவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் வெறும் 77 மில்லிமீட்டர். 400 நியூட்டன் மீட்டர் முறுக்கை சுமார் 35 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு பற்சக்கரம் கடத்தினால், பற்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு டன்னுக்கும் மேலான எடைக்குச் சமமான விசை விழுகிறது. அதைத் தாங்குபவை அந்த நொடியில் கவ்வி நிற்கும் இரண்டோ மூன்றோ பற்கள் மட்டுமே.

சத்தம் குறைய வேண்டும் என்பதற்காக இந்தப் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். சாய்வுப் பற்கள் சுழற்றுவதோடு நிற்பதில்லை. ஷாஃப்ட்டுகளை முன்பின்னாகத் தள்ளும், ஒன்றைவிட்டு ஒன்றை விலக்கவும் பார்க்கும். டி-5இன் கூடு அலுமினியம். விசை அளவு மீறினால் ஷாஃப்ட்டும் வளையும், கூடும் நெகிழும். முழு அகலத்திலும் கவ்வ வேண்டிய பற்கள் அப்போது நுனியில் மட்டும் உரசிக்கொள்ளும். பாரம் மொத்தமும் நுனியில் ஏறினால் பல் அடியோடு பெயர்ந்துவிடும். அப்படிப் போன பெட்டியின் வடிகால் திருகைக் கழற்றினால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, உள்ளே வெள்ளி ஜரிகைபோல இரும்புத்தூள் மின்னும்.

டி-5இல் அதிகம் பெயர் கெட்டது மூன்றாவது கியர்தான். முதல் கியரில்தானே பாரம் அதிகம் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டால் விடை வேறுவிதமாக வருகிறது. முதல் கியரின் விகிதம் 3.35, பின் ஆக்சிலின் விகிதம் 3.08 என்று வைத்துக்கொள்வோம். 407ஐ இவற்றால் பெருக்கிச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால், தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 13,500 நியூட்டன். சாதாரணச் சாலை டயர்களுக்கு அதில் பாதியளவு பிடிப்புகூடக் கிடையாது. அதனால் சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது, பற்களுக்கு முழு முறுக்கும் போய்ச் சேருவதே இல்லை. வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது. மூன்றாவது கியரின் விகிதம் 1.33. அங்கே விசை சுமார் 5,400 நியூட்டன். டயர் வழுக்காது. எஞ்சின் தரும் அத்தனையும் பற்கள் வழியாகவே போயாக வேண்டும். நான்காவது கியரிலோ முறுக்கு நேர் பாதையில் போய்விடுகிறது. கவுன்ட்டர் ஷாஃப்ட் பாரமில்லாமல் சும்மா சுற்றுகிறது.

ஆகவே கியர்பாக்ஸைக் கொல்வது குதிரைத்திறன் மட்டுமல்ல. பிடிப்பும் அதிர்ச்சியும் சேர்ந்துதான். பந்தய ஓடுதளத்துக்கான மென்ரப்பர் டயரை மாட்டிய நாளிலேயே அந்த ஃப்யூஸைப் பிடுங்கி எறிந்தாயிற்று. கூடவே கனத்த கிளட்ச்சும் போட்டு, 5,000 சுற்றில் காலைச் சட்டென்று எடுத்தால், ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் ஒரே அடியாகப் பற்களின் மேல் இறங்கும். வழுக்கக்கூடிய கிளட்ச்சுக்குக் கருணை உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

வலுவான பெட்டிக்கு மாறுவது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த மைய தூரத்தைத்தான். 1992இல் டாட்ஜ் வைப்பர் காரோடு அறிமுகமான டி-56இல் அது 85 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது? பற்சக்கரங்களின் தாங்குதிறன் இந்தத் தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இதனால் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலு கூடுகிறது. மெக்சிகோவைச் சேர்ந்த ட்ரெமெக் நிறுவனம் 1990களில் போர்க்-வார்னரின் கியர்பாக்ஸ் தொழிலை வாங்கியபோது டி-5, டி-56 இரண்டும் அதன் கைக்குப் போயின. பழைய மஸ்டாங்குகளில் அதிகம் ஏறிய அதன் டிகேஓ-600 பெட்டியின் தாங்குதிறன் 813 நியூட்டன் மீட்டர்.

மாட்டும் வேலையில் பெரும்பகுதி சில்லறை விவகாரம். கிளட்ச் தட்டின் நடுவே டி-5க்கு 10 பல் துளை; டிகேஓவின் பல மாடல்களுக்கு 26 பல். பெட்டியின் பின்முனையில் 28 பல் இருந்த இடத்தில் 31, அதனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையும் மாறும். பெட்டியைக் கீழிருந்து தாங்கும் குறுக்குச் சட்டமும் வேறு. கிளட்ச் பெடலுக்கு மேலே கேபிளை இழுக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. கனத்த கிளட்ச்சின் இழுப்பில் அது முறிந்துவிடும், அலுமினியத்தில் மாற்ற வேண்டும்.

உண்மையான நுட்பம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. நல்ல மெக்கானிக் கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒரு டயல் கேஜைப் பொருத்தி, ஹவுசிங்கின் வட்டத் துளையின் விளிம்பில் அதன் முனை தொடும்படி வைத்து, எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவார். முள் விலகுவதில் பாதிதான் உண்மையான மைய விலகல். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தாண்டினால், மையம் விலக்கிக் கடைந்த பின்களைப் போட்டுத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு "புதுப் பெட்டியில் கியர் விழவில்லை" என்று புலம்புகிறார்கள்.

பெட்டி பெரிதானால் எடையும் கூடும். உள்ளே சுழலும் சக்கரங்கள் கனமானவை என்பதால், கியர் மாறும்போது அவற்றின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோனைசருக்கு வேலை அதிகம். அதிவேகச் சுற்றில் டிகேஓ கியர் மாற முரண்டு பிடிக்கும் என்பது அதை ஓட்டியவர்களின் பழைய மனக்குறை. விரல் நுனியில் கியர் மாற்றும் டி-5இன் சுகம் அதில் இல்லை.

இதற்குப் பிறகு உடையப்போவது எது? முறுக்கு பின்னோக்கி நகர்கிறது. அடுத்த பலி 28 பல் கொண்ட பின் ஆக்சில் ஷாஃப்ட். அதையும் 31 பல்லுக்கு மாற்றினால், பின் சஸ்பென்ஷன் கரங்கள் பூட்டப்பட்டிருக்கும் தகரப் பெட்டிகள் வெல்டிங் ஓரமாகக் கிழிய ஆரம்பிக்கும். 1979இல் மஸ்டாங் எளிய குடும்பக் கார்களோடு பகிர்ந்துகொண்ட அடித்தளம் அது, 800 நியூட்டன் மீட்டரை நினைத்துக் கட்டியதல்ல.

சாலை டயரில், சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஓடும் காருக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை. 2.95 முதல் கியரும் 447 நியூட்டன் மீட்டர் தாங்குதிறனும் கொண்ட மேம்பட்ட டி-5ஐ ஃபோர்டே தன் பந்தயப் பாகங்கள் பிரிவில் விற்றது, அதுவே போதும். சூப்பர்சார்ஜரும் பந்தய டயரும் உள்ள காருக்குப் பெரிய பெட்டி கட்டாயம். ஆனால் ஆக்சிலுக்கும் அடித்தள வெல்டிங்குக்கும் பணம் ஒதுக்காமல் அதை வாங்கக் கூடாது.