நிரம்பும்போது ஒழுகும் சலவை இயந்திரம்

மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயங்களை மூடியது. தப்பிய குடும்பங்களுக்கு 2016 இல் மாகல்தெனியவில் தனி வீடுகள் கிடைத்தன. கொஸ்லந்தைப் பக்கத்துப் புதிய வீடுகள் சிலவற்றில் இன்று சலவை இயந்திரமும் உண்டு. பீலியடியில் குனிந்து துவைத்த தாய்மாருக்கு இது ஆடம்பரம் என்று நாம் சொல்லமாட்டோம். "தண்ணீர் நிரம்பும்போது ஒழுகுகிறது, பாஸைக் கூப்பிடுவதா?" என்பதே நாம் கேட்கும் கேள்வி.

நிரம்பும் நேரத்தில் மட்டும் ஒழுகினால், பழுது பெரும்பாலும் தண்ணீர் உள்ளே வரும் வழியில்தான் இருக்கும். நிரம்பி நின்ற பிறகும் ஒழுகினால் தொட்டியையோ கதவு ரப்பரையோ பம்பையோ பார்க்க வேண்டும். அது பாஸின் வேலை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு 230 வோல்ட் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது. தரையைத் துடைத்து, இயந்திரத்தின் அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரியுங்கள். பிளக்கை மாட்டாமலே தண்ணீர்க் குழாயை மட்டும் திறவுங்கள். இணைப்பில் சொட்டினால் உள்ளேயுள்ள ரப்பர் வோஷர் தேய்ந்திருக்கும். கடையில் வாங்கி நீங்களே மாற்றலாம். மின்சாரம் இல்லாமலே தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால், தண்ணீரை மறிக்கும் வால்வு சரியாக மூடவில்லை. எமது ஊற்றுத் தண்ணீர் மழைக்குப் பின் மணலோடு வரும். அது அங்கே சிக்கும். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வாயிலுள்ள சிறு சல்லடையைப் பழைய பல் தூரிகையால் கழுவுங்கள். அதன் பிறகும் இறங்கினால் வால்வையே மாற்ற வேண்டும்.

முன்பக்கம் வழிந்தால் சவர்க்காரத் தூள் போடும் தட்டு அடைத்திருக்கும். சுடுநீரில் கழுவினால் போதும். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தாலும் அங்கே வழியும். தாங்கி 10 மீற்றர் மேட்டில் இருந்தால் அமுக்கம் ஏறத்தாழ 1 பார் கூடும். குழாயைப் பாதி திறந்து பாருங்கள். இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் கழிவு ஹோஸால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால், திருகு 'வெளியேற்று' பக்கம் நிற்கிறதா, கழிவு வால்வில் பொத்தான் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எமது அனுபவத்தில் சட்டைப் பொத்தான்தான் அதிகம்.

ஒழுகிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டின் பின்னே வெட்டிய மண்மேட்டின் அடியில் அது ஊறக் கூடாது. ஊறிய மண் பாரம் கூடிப் பிடிமானம் இழக்கும். ஒரு வாளித் தண்ணீரால் மலை சரியாது; நாள்தோறும் ஒரே இடத்தில் ஊறுவதற்கே நாம் அஞ்சுகிறோம். கழிவு ஹோஸைச் சீமெந்துக் கானில் விடுங்கள். அவ்விடத்தில் புதிய வெடிப்பைக் கண்டால் இயந்திரத்தை அப்படியே விட்டு, அன்றைக்கே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.