தண்ணீரும் தோலைத் துளைக்கும்

வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவுகிறவரா நீங்கள்? அல்லது வாசலையும் மொட்டை மாடியையும் கழுவ வீட்டுக்கு ஒரு பிரஷர் வாஷர் வாங்கியிருக்கிறீர்களா? இரண்டு பேருக்கும் விஷயம் ஒன்றுதான்.

தண்ணீர்தானே, அதில் என்ன ஆபத்து?

பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால், கீழே உள்ள குழாயில் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். வீட்டுக்கென்று விற்கும் சாதாரண வாஷரே 100 பார் வரை தருகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் தொட்டி கட்டினால்தான் அந்த அழுத்தம் வரும். தோலைத் துளைக்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

கையில் பட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விரலில் சின்னதாக ஒரு துளை மட்டும் தெரியும். ரத்தம் அதிகம் வராது. முதலில் வலியும் பெரிதாக இருக்காது, மரத்துப்போனது போல இருக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே புகுந்து தசைநாண்களை ஒட்டிக் கை வரை பரவியிருக்கலாம். சேறு, கிரீஸ், சோப்பு, சாக்கடைக் கிருமி எல்லாம் அதோடு போயிருக்கும். சில மணி நேரத்தில் உள்ளே வீங்கி ரத்த ஓட்டம் தடைபடும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அப்படிப் பட்டுவிட்டால்?

துளை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள இடமாக இருக்கட்டும். மோதிரத்தைக் கழற்றுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். பிதுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். “கை கிழிந்துவிட்டது” என்று சொன்னால் டிடி ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். “ஹை பிரஷர் தண்ணீர் தோலுக்குள் போய்விட்டது, இத்தனை பார், சோப்பு கலந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வேலை செய்கிறவர்கள், இதை மருத்துவருக்கு விளக்கும் அட்டை ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பதுண்டு. நீங்களும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வேலையில் பட்ட காயம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் பதியச் சொல்லுங்கள். பிறகு இழப்பீடு கேட்க அது உதவும்.

கால் சேற்றை அதே வாஷர் கன்னால் கழுவிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வேலை முடிகிற நேரத்தில் பல கடைகளில் நடப்பது இது. காலுக்குச் சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும். விளையாட்டுக்காகக்கூட யார் மீதும் கன்னைத் திருப்பாதீர்கள்.

கை வலிக்கிறது, ட்ரிகரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் என்ன?

கையை விட்டதும் தண்ணீர் நிற்பதற்காகத்தான் ட்ரிகரே இருக்கிறது. கட்டிவைத்த கன் வழுக்கிக் கீழே விழுந்தால், தண்ணீர் பீய்ச்சும் வேகத்தில் துள்ளித் திரும்பி யார் முகத்தில் வேண்டுமானாலும் அடிக்கும்.

மோட்டாரை நிறுத்திவிட்டால் பயமில்லையே?

ஹோஸுக்குள் அழுத்தம் இன்னும் இருக்கும். நிறுத்திய பிறகு ஒருமுறை ட்ரிகரை அழுத்தி அதை வெளியேற்றுங்கள். அதன் பிறகே நாசிலைக் கழற்றுங்கள். ஹோஸ் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

எந்த நாசில்?

வழக்கமான வண்ணக் குறியீட்டில் சிவப்பு நாசில் தண்ணீரை ஒரே கோடாகப் பீய்ச்சும். ஆபத்து அதிகம் அதில்தான். வெள்ளை 40 டிகிரிக்கு விரித்து அடிக்கும், வண்டிக்கு அதுவே போதும். டயருக்கு 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். நெருங்கி அடித்தால் டயர் பலவீனமாகி, பிறகு ரோட்டில் போகும்போது வெடிக்கலாம்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடிக்குமா?

அடிக்கும். எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்த உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கே போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது.

பெட்ரோல் எஞ்சினில் ஓடும் வாஷரை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் இதால் கழுவக் கூடாது. உடைந்து பறக்கும் நார்த்துகள் நுரையீரலுக்குள் போகும்.

கடைக்காரர்களே, ரப்பர் கம்பூட்ஸ் வழுக்கலைத்தான் குறைக்கும், பீய்ச்சும் தண்ணீரைத் தடுக்காது. ஆனாலும் அதையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.