ராஜமுக்தி: குரல் இருந்தும் தோற்ற படம்

தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934-இல் 'பவளக்கொடி'யில் தொடங்கிய அவருடைய புகழ், 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் உச்சத்தைத் தொட்டது. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால், அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947-இல்தான் விடுதலை பெற்றார்.

வெளியே வந்தவர் சொந்தமாகத் தயாரித்து நடித்த இசைச்சித்திரமே 'ராஜமுக்தி' (1948). திறமைக்கு அதில் பஞ்சமில்லை. பாடல்கள் பாபநாசம் சிவன், இசை சி.ஆர். சுப்பராமன், நடிப்பு வி.என். ஜானகி, பி. பானுமதி, வசனம் புதுமைப்பித்தன். இருந்தும் படம் தோல்வியுற்றது. ஏன்?

சிறைவாசம் பாகவதரின் பெயரைக் கெடுத்துவிட்டது என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதைவிட முக்கியமான காரணம், அவர் இல்லாத அந்த இடைவெளியில் திரைப்படமே மாறிவிட்டதுதான்.

பழைய படங்களில் பாடத் தெரிந்தவரே நாயகர். 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள். பாட்டுக்காகக் கதை காத்து நிற்கும். மக்களும் பாட்டுக்காகவே வந்தனர். 1945-இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் நாயகியின் பாடல்களுக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. நடிப்பும் பாட்டும் இரு வேறு தொழில்களாகப் பிரியத் தொடங்கின. 'ராஜமுக்தி'யிலேயே எம்.எல். வசந்தகுமாரி திரையில் தோன்றாமல் பின்னணி பாடினார். அதே 1948-இல் வெளியான 'சந்திரலேகா' முரசு நடனத்தாலும் வாள்வீச்சாலும் மக்களைக் கட்டிப்போட்டது. 'ராஜமுக்தி'யில் துணை வேடமேற்ற எம்.ஜி.ஆர்., முந்தைய ஆண்டே 'ராஜகுமாரி'யில் நாயகனாகிவிட்டார். இனி வரப்போகும் காலம் அவருடையது.

இப்படத்தால் தமிழுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. வசனம் எழுதப் புனே சென்றிருந்த புதுமைப்பித்தன் அங்குக் காசநோய்க்கு ஆளானார். படம் திரைக்கு வருமுன்பே, தம் 42-ஆம் வயதில் மறைந்தார்.

பாகவதர் அதன்பின் 'அமரகவி', 'சியாமளா' (1952) எனத் தொடர்ந்து நடித்தார். பழைய வெற்றி திரும்பவில்லை. 1959-இல் காலமானார். ஆனால் அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. தோற்றது அவர் குரல் அன்று. அக்குரலை மட்டுமே நம்பி நின்ற படவகைதான். ஒரு கலைஞரின் வீழ்ச்சியை எடைபோடும்போது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.