குழாய்வழி உணவும் உடலின் ஏற்பும்

விழுங்கும் ஆற்றலை இழந்த நோயாளிக்கு மூக்கின் வழியாகவோ, வயிற்றில் இடப்பெறும் துளையின் வழியாகவோ குழாய் செலுத்தி உணவளிப்பது நெடுநாளைய மருத்துவ முறையாகும். 1790ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர், தொண்டைத் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு, விலாங்குமீன் தோலாலான குழாய் வழியே முட்டை, பால், சர்க்கரை முதலியவற்றைக் கரைத்து ஊட்டினார். ஆகவே, குழாயுணவு தொடக்கத்தில் அடுக்களை உணவாகவே இருந்தது எனலாம். பின்னரே தொழிற்சாலையில் ஆயத்தம் செய்யப்பெற்ற சத்துக் கலவைகள் அவ்விடத்தைப் பெற்றன. சத்தின் அளவு திட்டமாகத் தெரிவதும், கிருமித் தொற்று குறைவதும், குழாயில் தடையின்றி இறங்குவதும் அவற்றின் சிறப்புகளாம்.

எனினும், எல்லா நோயாளியர் உடலும் அக்கலவைகளை ஏற்பதில்லை. குமட்டல், வாந்தி, வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியன உடல் ஏலாமையின் அறிகுறிகள். இந்நிலையில் வீட்டுணவை அரைத்து ஊட்டுவது பயன் தருமா என்பது ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர்கள், இரைப்பை உணவு மேலெழாதிருக்க அறுவை செய்யப்பெற்றும் ஓங்கரிப்பால் துன்புற்ற 33 குழந்தைகளுக்கு அரைத்த உணவை வயிற்றுக் குழாய் வழியே அளித்தனர். 2011இல் வெளியான அவ்வாய்வின்படி, 24 குழந்தைகளுக்குத் துன்பம் பாதியளவோ அதற்கு மேலோ தணிந்தது; எவருக்கும் மிகவில்லை. ஆய்வு சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆதலின் இதனை அனைவர்க்கும் உரிய விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அரைத்த உணவுக்கே உரிய இடர்களும் உள. திப்பி நின்றால் குழாய் அடைபடும். அடைப்பை அஞ்சி நீரை மிகுதியாகச் சேர்த்தாலோ வயிறு நிறையும்; சத்துக் குறையும். கையும் பாத்திரமும் மிக்சியும் தூய்மையற்றிருப்பின் வயிற்றுப்போக்கு நேரும். பழி உணவின்மேல் விழும். ஆதலின் நன்கு அரைத்து வடிகட்டல் வேண்டும். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது. தலைப்பக்கத்தை உயர்த்தி மெல்ல ஊட்டி, முன்னும் பின்னும் நீர் விட்டுக் குழாயைக் கழுவுதல் இன்றியமையாதது. குழாயின் முனை சிறுகுடலில் இருப்பின், இரைப்பையின் காப்பு கிட்டாமையால் அரைத்த உணவு பொதுவாக ஏற்றதன்று.

நோயாளியின் உடல் ஏற்பது உணவின் வகையை மட்டும் பொறுத்ததன்று. ஆக்கும் முறையையும் ஊட்டும் முறையையும் பொறுத்ததாகும். தன் கையால் சமைத்து ஊட்ட விழையும் தாயின் அன்பு போற்றுதற்குரியது. மருத்துவரும் உணவியல் வல்லுநரும் வகுக்கும் அளவோடு அவ்வன்பு இணையும்போதே நோயாளி நலம் பெறுவார்.